மிஞ்சி வந்த ஒளி

நட்சத்திர ஒளியைப் பற்றிய கணக்கும் கருவியில் பதிவாகும் ஒளியும் ஒத்துப்போகவில்லை என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு வேகாதான் நினைவுக்கு வருகிறது, நாம் அபிஜித் என்று சொல்லும் அதே விண்மீன். மற்றவற்றின் பிரகாசத்தை அளக்க அதையே படிக்கல்லாக வைத்திருந்தார்கள். 1983-இல் ஐராஸ் விண்கலத்தின் கருவிகளைச் சரிபார்க்க அதை நோக்கியபோது, நீண்ட அகச்சிவப்பு அலைகளில் கோட்பாடு சொன்னதைவிடப் பல மடங்கு ஒளி வந்தது. கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல் துருவிப் பார்த்தார்களே, அந்தப் பொறுமை பெரிது! வேகாவைச் சுற்றிப் படர்ந்திருந்த தூசிதான் காரணம். இதற்காகக் கோட்பாட்டை நான் குறைசொல்ல மாட்டேன்; இவ்வளவுதான் வரவேண்டும் என்று அது துணிந்து சொல்லியிராவிட்டால், கூடுதலாக வந்ததே தெரிந்திருக்காது. 2006-இல் இன்னொன்றும் உறுதியானது: வேகா அசுரவேகத்தில் சுழல்கிறது, அதன் நடுக்கோட்டுப் பகுதி துருவத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது.