மேடையில் தமிழ், வகுப்பறையில் யார்?

கடையத்துக் கடைவீதியில் நின்று மேற்கே நோக்குங்கள், தோழரே. முகில் தவழும் மலைத்தொடர் தெரியும். அங்கே பொதிகையில் அகத்தியன் அமர்ந்திருந்தான், அவனே தமிழுக்கு இலக்கணம் தந்தான், அதையும் கடவுளிடம் கேட்டுத் தந்தான் என்று நம் பாட்டன்மாருக்குப் புராணிகன் கதை சொன்னான். நம்பினோரும் உண்டு; நகைத்தோரும் உண்டு. கதை கிடக்கட்டும். அதே மலையில், பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுப் பக்கத்தில் காணி மக்கள் இன்றும் வாழ்கிறார்களே! அவர்கள் தம் குடிசைக்குள் பேசும் பேச்சு எத்தகையது, தமிழோடும் மலையாளத்தோடும் அதற்கு உள்ள உறவு யாது என்று மலையேறிக் கேட்டு எழுதிவர, நம் ஊர்க் கிளைகளில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? முனிவனுக்குச் சிலை வைத்தோம். மனிதனின் சொல்லுக்குச் செவி வைத்தோமா?

மொழியைக் கேட்டு, பிரித்து, ஒப்பிட்டு, உறவறிந்து உரைக்கும் அறிவுத் துறைக்கு மொழியியல் என்று பெயர். அதில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று நம் வீட்டுப் பிள்ளை சொன்னால் என்ன நடக்கிறது? “தமிழ்தான் தெரியுமே, அதில் இரண்டாண்டு என்ன படிப்பு? சோறு போடுமா?” என்ற கேள்வி எழுகிறது. எதிரி கேட்டால் வியப்பில்லை. கரைவேட்டி கட்டி, ‘தமிழ் வாழ்க’ என்று தொண்டை கட்டக் கூவிய நம் தோழரே கேட்கிறார். வாழ்க என்றால் வாழ்ந்துவிடுமா?

என்ன படிப்பு என்பதற்கு ஒரு சான்று போதும். ‘சொல்லுதேன்’ என்கிறார் கடையத்துக்காரர். ‘சொல்றேன்’ என்கிறார் சென்னைக்காரர். ஏட்டில் எழுதும்போது ‘சொல்கின்றேன்’. நெல்லைப் பிள்ளை பட்டணத்துக் கல்லூரியில் வாய் திறந்தால் நகைப்பு. ஒரு திங்களில் ஊர்ப்பேச்சை ஒளித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. மொழியியல் மாணவரோ நகைக்கமாட்டார். நிகழ்காலம் காட்டும் உறுப்பு ஓரிடத்தில் ‘கின்று’, ஓரிடத்தில் ‘ற்’, ஓரிடத்தில் ‘து’. மூன்றும் தத்தம் ஒழுங்கில் பிறழாமல் நிற்பவை என்று எடுத்துக்காட்டுவார். அதற்கு மேலும் சொல்வார்: செம்மையென நாம் மதிக்கும் அந்தக் ‘கின்று’ சங்க நூல்களில் அரிது, பிற்காலத்தில்தான் பெருகியது என்று. பிழையென்று பழிக்கப்பட்டவனைத் தலைநிமிரச் செய்யும் இந்த அறிவுக்குச் சுயமரியாதை என்றல்லாமல் வேறு என்ன பெயர்?

ஒலியியல், உருபனியல், தொடரியல், வரலாற்று மொழியியல், களப்பணி என்று பாடங்கள் விரியும். பெயர்களைக் கண்டு மிரளவேண்டியதில்லை.

இனி அரசியலுக்கு வருவோம். இந்தியாவில் இந்தி பேசுவோர் நூற்றுக்கு 43.63 என்று 2011 மக்கள்தொகைக் கணக்கைக் காட்டி வாயடைக்கிறார்கள். 52 கோடியே 83 இலட்சம் பேராம்! அந்த மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். இந்தியே தாய்மொழி என்று பதிந்தவர் 32 கோடியே 22 இலட்சம். நூற்றுக்கு 27 கூட இல்லை. மீதி? போஜ்புரி பேசும் 5 கோடிப் பேர் உள்ளே. இராசத்தானி பேசும் இரண்டரைக் கோடி உள்ளே. சத்தீசுகரி ஒன்றரைக் கோடிக்கு மேல், மகதி ஒன்றேகால் கோடி, எல்லாம் உள்ளே! இந்திய மொழிகளை அளந்தறிந்த கிரியர்சன், போஜ்புரியையும் மகதியையும் மைதிலியையும் பீகாரி என்ற தனிக் குழுவில் வைத்தார். இராசத்தானியைத் தனியே வைத்தார். கணக்கெடுப்பு அலுவலகமோ அவற்றை இந்தியின் கீழ் அடுக்கிவிட்டது. மைதிலி மட்டும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றுத் தனிக்கணக்குப் பெற்றது. மொழியா, கிளைமொழியா என்று முத்திரை குத்தும் கை எவருடையதோ, அவர் கையில் பெரும்பான்மை பிறக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் குறைந்த மொழிகளை அதே கணக்கெடுப்பு வெளியிடுவதே இல்லை. பெரிய மொழிகள் விழுங்கப்படும். சிறிய மொழிகள் மறைக்கப்படும். 1965 இல் தெருவில் இறங்கி உயிரைக் கொடுத்தார்கள் நம் இளைஞர்கள். அந்தத் தியாகத்துக்கு வழித்தோன்றல்கள் நாம் என்றால், இந்தப் புள்ளிவிவரப் புரட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மறுக்கும் ஆற்றலும் நமக்கு வேண்டாமா?

சென்னை மாகாணத்தைக் கிரியர்சனின் அளவீடே விட்டுவிட்டது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். மைசூரும் ஐதராபாத்தும் அவ்வாறே விடுபட்டன. தென்னாடு தன்னைத் தானே அளந்துகொள்ளவேண்டும் என்ற கடமை அன்றே நம் தோளில் விழுந்துவிட்டது.

நம் பக்கத்துக் குறையையும் பேசத்தான் வேண்டும். 2025 மே திங்களில் சென்னையில் நடந்த திரைப்பட விழாவொன்றில், தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்ற பொருள்பட நடிகர் கமல்ஹாசன் பேசினார். கருநாடகம் கொதித்தது. வழக்கு அங்குள்ள உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவர் வரலாற்றாசிரியரா, மொழியியலாளரா என்று நீதிமன்றம் கேட்டது. கேள்வியின் கடுமையை விட்டுவிடுங்கள். அதன் பொருளை எண்ணுங்கள். தமிழும் கன்னடமும் தாயும் மகளும் அல்ல; எழுத்தில் பதிவு பெறாத மூலத் திராவிடத்திலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள். இதைச் சொன்னால் தமிழின் பெருமை குறையுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். உடன்பிறப்பை மகளென்று அழைத்து, வீட்டில் சண்டை மூட்டி, டில்லியை நகைக்கவிடுவதா பெருமை? ஒலி ஒத்த சொற்களை அடுக்கி உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்று மேடையில் முழங்கும் நண்பர்களுக்கும் இதுவே விடை. கைதட்டல் சான்றாகாது.

சான்றால் வென்றவர்களின் வழி நமக்கு உண்டு. தென்மொழிகள் வடமொழியின் வயிற்றில் பிறந்தவை அல்ல என்று 1816 இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எடுத்துரைத்தார். 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கால்டுவெல் வெளியிட்டார். அவர் வாழ்ந்த இடையன்குடியும் நம் கடையமும், தென்காசி மாவட்டம் 2019 இல் பிரியும் வரை ஒரே மாவட்டத்து ஊர்கள்! திராவிடம் என்று நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் சொல்லுக்கு அறிவுலகில் அடித்தளம் இட்டது நெல்லைச் சீமையின் தேரி மண்ணிலிருந்து எழுந்த ஒரு மொழியியல் நூல். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலை வளர்த்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், 1966 இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். திருவனந்தபுரத்தில் மொழியியல் துறையைக் கட்டியெழுப்பிய வ. அய். சுப்பிரமணியம், 1981 இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். சோறு போடுமா என்று கேட்டவர், இரண்டு பல்கலைக்கழகங்களை இத்துறை ஆளவைத்தது என்பதை அறிக.

டில்லி என்ன செய்கிறது? 2014-15 முதல் 2024-25 வரை சமற்கிருத வளர்ச்சிக்கு அது செலவிட்டது 2,532.59 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்துக்கும் சேர்த்து 147.56 கோடி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று 2025 இல் வெளிவந்த கணக்கு இது. பதினேழு மடங்கு வேற்றுமை! இந்த அநீதியைக் கண்டிக்கக் கூட்டம் போடுவோம், தீர்மானம் இயற்றுவோம், வேண்டியதுதான். ஆனால், நமக்குரிய பங்கை நாளையே டில்லி தந்துவிட்டால் அதைக் கொண்டு அகராதி செய்யவும், கிளைமொழிகளைப் பதியவும், கணிப்பொறிக்குத் தமிழைக் கற்பிக்கவும் ஆள் எங்கே?

ஆளை ஆக்குவது நம் கையில் இருக்கிறது. அண்ணாமலைநகரில் துறை உண்டு, கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தில் உண்டு, தஞ்சையில் உண்டு, மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்திலும் உண்டு. தமிழ் இளங்கலை முடித்தவர்தாம் சேரலாம் என்பதில்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் மொழிப் பட்டியல் வெளிவரும்போது அதைப் படித்துப் பிரித்து மறுக்கத் தெரிந்தவர் நம்மிடையே இருக்கவேண்டும். ஆகவே கடையம் கிளைத் தோழருக்கும், ஆழ்வார்குறிச்சித் தோழருக்கும், பொட்டல்புதூர்த் தோழருக்கும் சொல்கிறேன்: இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்து அலங்கார வளைவில் ஒன்றைக் குறையுங்கள். அந்தப் பணத்தில் பட்டம் முடித்த ஒரு பெண்ணையோ பையனையோ தேடி, விடுதிக் கட்டணத்தைக் கட்டி, மொழியியல் முதுகலைக்கு அனுப்பிவையுங்கள்.