மண்வாசனைச் சான்றிதழ்

சென்ற மாத விருது ஒன்றை நியாயப்படுத்தப் புகுந்த சக இதழின் கட்டுரையாளர், நாட்டார் இசைக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறார். பிறந்த மண்ணுக்கு வெளியே வாசிக்கப்படும் பறையும் உறுமியும் நகலாம். மெக்சிகோவின் மரியாச்சி லாஸ் ஏஞ்சல்ஸ் உணவகங்களில் சீரழிந்தது இதற்குச் சாட்சியாம்.

போடியில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. தேவராட்டம் ஆடுகிற கம்பளத்தார் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்; போடி பாளையத்தை ஆண்டதும் அவர்கள்தான். அந்த ஆட்டம் அவர்களோடு வந்ததோ, வந்த இடத்தில் உருவானதோ, இன்று அது இந்த மண்ணின் கலை. நகல் அசலாவதற்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று கட்டுரையாளர் கணக்குச் சொல்லட்டும்.

போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்துப் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை. ஏலத் தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப் ஏறுகிற சனம், தோட்டத்து மாரியம்மன் சாமி கும்பிடுக்கு மேளத்தையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே சாரல் பட்டால் பறைத்தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். மறுபடி சருகைக் கூட்டி நெருப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டும்; அதுவரை உறுமிதான் ஆட்டத்தை இழுத்துப் பிடிக்கும். பறை திரும்பி வந்து சேரும்போது ஓர் அடி பிசகினால், சேலைத் தலைப்பால் காதை மூடி நிற்கிற கிழவிக்குக்கூடத் தெரிந்துவிடும், முகஞ்சுளிப்பாள். பிசகைக் கண்டுகொள்ளும் காது எங்கே இருக்கிறதோ அதுவே கலைக்கு ஊர். இலங்கை மலையகத்தில் தப்பு முழங்கக் காமன் கூத்து நடப்பதும் அந்தக் காது அங்கே இருப்பதால்தான்.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர் முன் பாடியபோது, அந்த மலை இருக்கும் கேரள மாநிலம் பிறந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. எல்லை தாண்டியதால் பாட்டு நகலாகிவிட்டதா? ரோசம்மா ஜெயித்தார். அதே 1958இல்தான் பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாட்டார் பாடல்களைக் கி.வா.ஜ. ‘மலையருவி’யாகப் பதிப்பித்தார். அதை உரக்கப் படித்துத் தொண்டை கட்டிக்கொண்ட தலைமுறை எங்களுடையது. பின்னால் ஆய்வாளர் நா. வானமாமலை, பாட்டைப் பாடுகிறவரின் உழைப்போடு சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் உழைப்பை விட்டுவிட்டார்கள், மண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்.

மரியாச்சியைச் சாட்சிக்கு அழைத்தவர், ஹாலிஸ்கோ பக்கத்துக் கிராமங்களிலிருந்து மெக்சிகோ நகரத்துக்குப் பிழைக்கப் போய், ட்ரம்பெட்டையும் சேர்த்துக்கொண்ட பிறகே அது இன்றைய உருவம் பெற்றது என்பதைச் சொல்லவில்லை. அவர் அசல் என்று கும்பிடுவதே இடம்பெயர்ந்தவர்கள் செய்ததுதான். வெராகுரூஸ் மாநிலத்துச் சோன் ஹரோச்சோ இசையையோ, 2008 முதல் திஹுவானா–சான் டியாகோ எல்லை வேலியின் இரு பக்கமும் நின்று சேர்ந்து வாசித்தார்கள். நம் கட்டுரையாளர் அங்கே போயிருந்தால் வேலிக்கு எந்தப் பக்கம் அசல் என்று தீர்ப்பெழுதியிருப்பார்.

கிடக்கட்டும். மண், மண் என்கிறீர்களே, யாருடைய மண்? சொந்த ஊரில் பறையடிப்பது பலருக்குச் சாதி சுமத்திய கட்டாயம். சாவுக்கு அடித்துவிட்டு ஓரமாய் நிறுத்தப்பட்டவர், வெளியூர் மேடையில் கலைஞராக நிற்பதைக் கலப்படம் என்று எழுத நெஞ்சழுத்தம் வேண்டும். மண்வாசனை பேசுகிறவர் பெரும்பாலும் அந்த மண்ணில் பட்டா உள்ளவராகவே இருக்கிறார்.

அசலா நகலா என்ற பட்டிமன்றத்தை அவர்களே நடத்திக்கொள்ளட்டும். நமக்குக் கேட்க வேண்டியவை வேறு: கூலி எவ்வளவு, சாப்பாடு எந்தப் பந்தியில், மேடையில் வாசித்தவர் பெயரைச் சொன்னார்களா? இவற்றுக்குப் பதில் இல்லாத விருதுச் செய்தி எதையும் இனி இவ்விதழ் அச்சிடாது.