பாயா, பஞ்சணையா?

தாம்பரத்தில் குடியிருப்போரின் நித்திரையைக் கெடுக்கப் புதிதாக ஒன்றும் வர வேண்டியதில்லை. மின்சார ரயில் 1931-ஆம் வருஷத்திலேயே வந்து சேர்ந்தது, ஜி.எஸ்.டி. சாலையின் லாரிகளுக்கோ இரவு பகல் என்ற பேதமே கிடையாது. இவற்றையெல்லாம் சகித்துத் தூங்கப் பழகிய நம் வீட்டில், சென்ற சித்திரையில் ஒரு கட்டில் வந்து பெருங் கலகம் விளைத்தது.

நம் தாயார் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். எழுபத்தெட்டு வயது வரையில் பத்தமடைப் பாயைத் தவிர வேறொன்றில் படுத்தறியார். ஆற்றோரத்துக் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, இழை இழையாகப் பிளந்து நெய்த அந்தப் பாயின் குளிர்ச்சியை அவர் வர்ணிக்கக் கேட்கவேண்டும்! ஒரு நாள் விடியற்காலையில் அவர் பாயில் உட்கார்ந்தபடியே சுவரைத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டோம். "ஒன்றுமில்லையப்பா, கால் மரத்துவிட்டது" என்றார். பொங்கலிலிருந்தே நம் பத்து வயதுப் பெண்தான் தினமும் கைகொடுத்துத் தூக்கிவிட்டாளாம். "அப்பாவிடம் சொல்லாதே" என்று பாட்டியின் உத்தரவு.

அன்று மாலையே கடைக்கு ஓடினோம். பரபரப்பில் புத்தி வேலை செய்யாது என்பதற்கு நாமே சாட்சி. உடம்பின் சூட்டுக்கு இளகிக் குழியும் நுரை மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்து, "ஆஹா!" என்று வாங்கி வந்தோம். அந்த நுரை சூட்டைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரைப் புழுக்கத்தில் தாயார் வியர்வையில் நனைந்தார். குழியிலிருந்து புரளவும் முடியவில்லை. மூன்றாம் இரவு மறுபடியும் தரை! திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.

அண்டை வீட்டு நண்பரோ, முதுகுக்கு வெறும் பலகையே சிறந்தது என்று சாதித்தார். நாமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தோம். ஆனால் ஸ்பெயின் தேசத்தில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர் 313 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி, 2003-இல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. கெட்டி மெத்தையைக் காட்டிலும் நடுத்தரக் கெட்டியுள்ளதே வலியைக் குறைத்தது என்பது அதன் முடிவு.

ஆகவே தென்னை நார் மெத்தையைக் கீழே போட்டு, அதன்மேல் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை விரித்தோம். இலவம்பஞ்சின் இழை உட்குழலானது, மெழுகுப் பூச்சுள்ளது. ஆதலால் ஈரம் எளிதில் ஒட்டாது. நாளடைவில் கட்டி தட்டும். வெயிலில் போட்டுத் தட்டவேண்டும், சில வருஷங்களுக்கு ஒருமுறை பஞ்சைக் கொட்டவும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒன்றை மறந்திருந்தோம். கட்டிலில் உட்கார்ந்தால் தாயாரின் பாதம் தரையில் படவில்லை! உயரம் முழங்காலளவு இருந்தாலல்லவா ஊன்றி எழலாம்? தச்சரை அழைத்துக் கால்களை நான்கு அங்குலம் அறுக்கச் சொன்னோம்.

இப்போது தாமாகவே எழுந்து, எல்லோருக்கும் முன்னால் காப்பிக்கு அடுப்பு மூட்டுகிறார். மெத்தையின்மேல் அதே பத்தமடைப் பாய் விரித்திருக்கிறது. அதில் நம் பேச்சு செல்லவில்லை. நுரை மெத்தையின் விலையை மட்டும் அவரிடம் சொல்லக்கூடாதென்று பெண்ணுக்கு உத்தரவிட்டிருக்கிறோம்.