மீட்டலா, திருத்தமா?

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் யாழ்ப்பாணத்து மதில்களில் எங்கும் ஒரே சொல்தான்: 'ரிவிஷன்'. நமது பாடநூல்கள் அதை 'மீட்டல்' என்கின்றன. தமிழ்நாட்டு மாணவர்கள் 'திருப்புதல்' என்பார்கள். அடகு வைத்த நகையை மீட்பதைப் போல மறந்த பாடத்தை மீட்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் 'ரிவைஸ்' என்பதன் பாதிப் பொருளே அதில் இருக்கிறது.

அச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'மீண்டும் போய்ப் பார்த்தல்' என்பது மூலப்பொருள். பார்த்தபின் பிழை தெரிந்தால் மாற்றுவதும் அதற்குள் அடங்கும். ஓர் எழுத்தாளர் தமது கதையை ரிவைஸ் செய்தார் என்றால், அதை மனப்பாடம் செய்தார் என்பதல்ல. அமெரிக்கர்கள் பரீட்சைக்குப் படிப்பதை 'ரிவியூ' என்றுதான் சொல்வார்கள். அந்த மறுபாதிக்கு நம்மிடம் 'திருத்தம்' உண்டு. சைக்கிள் திருத்துபவரும், கொப்பி திருத்தும் ஆசிரியையும், சட்டம் திருத்தும் பாராளுமன்றமும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். (சைக்கிள்தான் சீக்கிரம் கிடைக்கும்.)

சட்டத்தை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணப் பதிவில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்காமல் எழுதப்பட்டது. அவளுடைய வலீ ஒப்பமிட்டால் போதும். 1995 இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆக்கப்பட்டபோதும் இது அப்படியே நின்றது. இதனை மீள்பார்க்க நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் குழு அமைந்தது. அறிக்கை வந்ததோ 2018 ஜனவரியில், அதுவும் உறுப்பினர்கள் இரு தரப்பாகப் பிரிந்து. ஒன்பது வருட ரிவிஷன்!

திருத்தம் என்றதும் மார்க்கத்திலேயே கை வைக்கிறார்கள் என்று நம் பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். குர்ஆன் திருத்தப்படுவதல்ல. ஆனால் இச்சட்டத்தின் பிரிவுகளை எழுதியவர்கள் மனிதர்கள். மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்கும்படி நபி (ஸல்) அவர்களே கூறியிருக்கிறார்கள். அந்தச் சம்மதத்துக்கு அவளுடைய கையெழுத்தே சாட்சியாவது மார்க்கத்துக்கு எப்படி முரணாகும்? 'நம் பிள்ளை வெட்கப்படுவாள்' என்று சொல்வோர் உண்டு. வெட்கப்படுகிறவளுக்கும் எழுதத் தெரியும்.

பெற்றோரே, அச்சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எனக்குப் பதினேழு வயது. பரீட்சை அனுமதி அட்டை என் ஒப்பம் இல்லாமல் செல்லாது. நிக்காஹ் பதிவிலும் எனக்கென்று ஒரு கோடு வேண்டும்.