பீரங்கியைக் காட்டுங்கள், காகிதத்தையும் காட்டுங்கள்

ஊரிலிருந்து யார் தில்லிக்கு வந்தாலும் செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட் என்று ஒரு ரவுண்டு அழைத்துப் போவது இங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதப்படாத டியூட்டி. 2019 பிப்ரவரிக்குப் பிறகு அந்த ரவுண்டில் தேசியப் போர் நினைவகமும் சேர்ந்துகொண்டது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். கருங்கல் பலகைகளில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். சுதந்திரம் வாங்கி எழுபது வருஷம் கழித்தாவது வந்ததே என்று சந்தோஷம்தான். குறை சொல்ல வரவில்லை.

என் சண்டை வேறு. 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது நினைவகத்துக்கு மட்டுமல்ல, பக்கத்தில் பிரின்சஸ் பார்க்கில் ஒரு தேசியப் போர் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்துத்தான். நினைவகம் முந்திக்கொண்டது, அருங்காட்சியகம் பின்தங்கிவிட்டது. கட்டிடம் தாமதமாவது எனக்குப் பெரிய விஷயமில்லை. உள்ளே என்ன வைக்கப் போகிறார்கள் என்பதுதான் விஷயம்.

"என்ன வைப்பார்கள்? டாங்கி, பீரங்கி, பதக்கம், வீரக்கதை" என்றார் நண்பர் ஒருவர். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

நினைவகம் வேறு, அருங்காட்சியகம் வேறு. நினைவகத்தில் கேள்வி கேட்கக் கூடாது, தலை குனிந்துவிட்டு வர வேண்டும். அருங்காட்சியகத்தில் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஏன் போனோம்? யார் முடிவெடுத்தது? எங்கே சறுக்கியது? இதற்கெல்லாம் பதில் சொல்லாத கட்டிடம் இன்னொரு நினைவகம்தான். அதற்குத் தனியாக ஒரு செலவு எதற்கு?

1962-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் இருக்கும் ஆறு வெண்கலச் சித்திரங்களில் ஒன்று ரெசாங் லா. மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். 1962 நவம்பர் 18-ஆம் தேதி, அதில் 114 பேர் மடிந்தார்கள். உயிரோடு திரும்பிய சிலர் சொன்னதை முதலில் நம்பக்கூட ஆளில்லை. அடுத்த பிப்ரவரியில் பனிக்குள்ளிருந்து, ஆயுதம் பிடித்தபடியே உறைந்துபோன உடல்கள் கிடைத்த பிறகுதான் நம்பினார்கள். வீரம், சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் மலை மறைத்ததால் நமது பீரங்கிகள் அவர்களுக்கு உதவ முடியாத இடத்தில் அந்தக் கம்பெனியை நிறுத்தியது யார்? அப்படி ஒரு நிலைமைக்கு அவர்களைத் தள்ளிய முடிவுகள் தில்லியில் எந்த மேசையில் எடுக்கப்பட்டன?

அந்தப் போரில் என்ன தவறு நடந்தது என்று ஆராய்ந்து ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அரசாங்கம் அதை வெளியிடவில்லை. 2010-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அதில் இருப்பவை இன்றைக்கும் ராணுவ முக்கியத்துவம் உள்ளவை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2014-ல் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதில் ஒரு பகுதியைத் தன் இணையதளத்தில் போட்டுவிட்டார். அதாவது நம் வீட்டுக் கணக்கை நாமே அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். இதில் காங்கிரஸ், பாஜக வித்தியாசமே இல்லை.

நான் வங்கிக்காரன், பி.காம். படித்தவன். எங்கள் தொழிலில் எந்த ரெக்கார்டை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 1985-ல் விதியே போட்டார்கள். சிலவற்றுக்கு ஐந்து வருஷம், சிலவற்றுக்கு எட்டு. ஒரு வவுச்சர் காணோமென்றால் ஆடிட்டர் உயிரை எடுத்துவிடுவார். ஆனால் 1971 போரின் கிழக்குப் பிராந்தியத் தலைமையக ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-ல் பத்திரிகையில் செய்தி வந்தது. தோற்ற போரென்றால்கூட ஒளிப்பதற்குக் காரணம் உண்டு. இது 93,000 பேர் நம்மிடம் சரணடைந்த போர் சாமி! ஜெயித்த கணக்கையே தொலைப்பவர்கள் தோற்ற கணக்கை எப்படி வைத்திருப்பார்கள்?

கார்கில் போருக்குப் பிறகு அமைந்த ஆய்வுக் குழுவின் தலைவர் நம்ம திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். அந்த அறிக்கை 2000-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, சில பகுதிகளை நீக்கிவிட்டுத்தான். இருந்தாலும் வந்ததே, அது பெரிது. போர் வரலாறுகளை எழுத வேண்டும், ஆவணங்களைத் திறக்கத் தெளிவான கொள்கை வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கொள்கை வந்தது 2021-ல். சாதாரணமாக 25 வருஷத்தில் ஆவணங்களைத் திறக்க வேண்டுமாம். நல்லது. ஆனால் 1962 போன்ற பழைய போர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்களாம். சாவியைக் கொடுத்துவிட்டு பீரோவை இடம் மாற்றிய கதை.

இப்போது நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். நினைவகத்தில் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. அதில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். நம்மைப் போலவே வெளிமாநிலத்துத் தமிழர், மும்பையில் பிறந்தவர். அமைதிப்படையில் இலங்கைக்குப் போய், 1987 நவம்பர் 25-ஆம் தேதி விடுதலைப் புலிகளுடன் நடந்த சண்டையில் நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்தார். தமிழ் மண்ணில், தமிழர் சுட்டு இறந்த தமிழ் அதிகாரி. என் பெண் அந்தச் சிலை முன்னால் நின்று, "இவரை யாருப்பா சுட்டாங்க, ஏன்?" என்று கேட்டாள். முதல் பாதிக்குப் பதில் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொல்ல ஒரு அருங்காட்சியகமே வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பதிலில் எல்லாம் வரும். ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தது வரும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டது வரும். ராணுவத் தரப்பு அதைக் குறுக்குச் சூடு என்றது. பிழைத்தவர்கள் வேறு சொன்னார்கள். 1990 மார்ச்சில் திரும்பி வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகாததும் வரும். இதையெல்லாம் ஒரே அறையில் வைக்க தைரியம் இருந்தால் அது அருங்காட்சியகம். பரமேஸ்வரனின் படத்தை மட்டும் மாட்டினால் அது அவருக்கே அநியாயம். அவரை அங்கே அனுப்பியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

"ராணுவத்தின் மன உறுதி குலையாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தை 1917-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கினார்கள். தளபதிகளின் சாமான் மட்டுமல்ல, சாதாரண சிப்பாயின் கடிதமும் குரலும் அங்கே இருக்கின்றன. அதனால் அவர்கள் ராணுவம் கலைந்துபோய்விடவில்லை.

நமக்கு அவசரம் ஒன்று இருக்கிறது. ஸ்பர்ஷ் வந்து பென்ஷன் வேலையில் பாதி கம்ப்யூட்டருக்குப் போன பிறகும், நவம்பர் மாதமானால் ஆயுள் சான்றிதழுக்காக எங்கள் கிளைக்கு முன்னாள் ராணுவத்தினர் வருகிறார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு போரைச் சொல்வார்கள். 1971-ல் இருபது வயது என்றால் இன்றைக்கு எழுபதைத் தாண்டியாகிவிட்டது. 1962-காரர்கள் எண்பதுக்கு மேல். ஒவ்வொரு நவம்பரிலும் சில முகங்கள் வருவதில்லை. அவர்களோடு போவது எந்த ஃபைலிலும் இல்லை. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பியதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய, நம்ம வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே அரசாங்கத்துக்கு என் கோரிக்கை எளிமையானது. முதலில் அலமாரியைத் திறங்கள், 1962-லிருந்து ஆரம்பியுங்கள். ஆளுக்கொரு ரெக்கார்டரோடு ஊர் ஊராக ஆட்களை அனுப்பி, தமிழிலும் கடுவாலியிலும் பஞ்சாபியிலும் அந்தக் கிழவர்களைப் பேசவிடுங்கள். கட்டிடம் அப்புறம் வரட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் சொந்தத்தில் பட்டாளத்துத் தாத்தாவோ மாமாவோ இருந்தால், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கைபேசியை ஆன் செய்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் கடிதங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

டிஸ்கி: அமைதிப்படை பற்றி எழுதினால் இரண்டு பக்கமும் திட்டு விழும் என்று தெரியும். திட்டுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)