காக்கை உட்கார்ந்ததா, பழம் விழுந்ததா?

காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. காக்கை உட்கார்ந்ததால்தான் விழுந்ததா? அல்லது, பழுத்த பழம் தானாகவே விழுந்ததா?

நம் பாட்டிமார் கேட்ட இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் பொருளாதார அளவையியல். ஆங்கிலத்தில் "எக்கனாமெட்ரிக்ஸ்" என்பார்கள்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். விலை, கூலி, விளைச்சல், வருமானம் ஆகியவற்றை எண்ணி எழுதி, எதனால் எது நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அது. நார்வே அறிஞர் ராக்னர் பிரிஷ் 1926-ல் இந்தப் பெயரை வழங்கினார். 1969-ல் பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசை அவரும் ஹாலந்து அறிஞர் டின்பர்கனும் பெற்றார்கள்.

தறி வீட்டுக் கணக்கு

காஞ்சீபுரத்தில் ஜரிகை விலை ஏறுகிறது. பட்டுச் சேலை விற்பனை குறைகிறது. "ஜரிகைதான் காரணம், கூலியைக் குறைக்க வேண்டும்" என்கிறார் முதலாளி. "இது ஆடி மாதம், கல்யாணம் இல்லை" என்கிறார் நெசவாளி. "விசைத்தறிச் சேலை வந்து கெடுத்துவிட்டது" என்கிறார் மற்றொருவர்.

யார் சொல்வது சரி? எதன் பங்கு எவ்வளவு?

பல வருஷத்து விற்பனைக் கணக்கை எடுக்க வேண்டும். ஆடியை ஆடியோடு ஒப்பிட வேண்டும். தை மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. ஜரிகை விலை ஏறிய ஆடி எப்படி, ஏறாத ஆடி எப்படி என்று பார்க்க வேண்டும். இப்படி ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே பிரித்தெடுப்பதுதான் இந்தப் படிப்பு. கிடைக்கும் பதிலில் ஒரு குடும்பத்தின் கூலி அடங்கியிருக்கிறது!

தூசிக்குப் போன ஆராய்ச்சி

இது நமக்குப் புதிது அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி பற்றி விசாரித்து எழுதச் சொன்னார். அது 1918-ல் புத்தகமாக வந்தது. அந்தக் கிராமங்களில் ஒன்று, காஞ்சீபுரத்துக்குத் தெற்கே உள்ள தூசி! 1930-களிலும் 1980-களிலும் அந்தக் கிராமங்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் போனார்கள். எது மாறியது, ஏன் மாறியது என்று பார்க்க முடிந்தது.

ஆனால், எண்ணாமல் விட்டதைக் கணக்கு காட்டாது. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். வீட்டில் மனைவி தார் சுற்றுகிறாள். கூலியோ ஒருவர் பெயரில் வருகிறது. விசாரிக்க வருகிறவர் "இங்கே ஒரு தொழிலாளி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டால், மற்றவர் உழைப்பு பூஜ்யம் ஆகிவிடும்! தறி வீட்டில் பிறந்த பிள்ளை இப்படி எழுத மாட்டான். அதனால்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் இதைக் கேட்பது நியாயம். மத்திய அரசில் 1961-ல் தொடங்கிய இந்தியப் பொருளாதாரப் பணி இருக்கிறது. பொருளாதார அளவையியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் அதன் தேர்வை எழுதலாம். வங்கிகளிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 1993-ல் தொடங்கிய சென்னைப் பொருளியல் பள்ளியும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் "கணக்கு வேண்டாம்" என்று பிள்ளையைப் பிரிவு மாற்றிவிடாதீர்கள்! உலகப் புகழ் பெற்ற பொருளாதார அறிஞர் டி.என்.சீனிவாசன் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதம்தான். பிறகு கல்கத்தாவில் புள்ளியியல் பயின்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1962-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ராமானுஜர் பாடம் கேட்ட ஊர் என்று திருப்புட்குழியைச் சொல்வார்கள். குருவான யாதவப்பிரகாசர் சொன்ன பொருள் சரியாகப் படாதபோது, அவர் துணிந்து வேறு பொருள் சொன்னாராம். அந்த ஊரில் ஒரு பெண் "எக்கனாமெட்ரிக்ஸ் படிக்கிறேன்" என்றால், தடுக்காதீர்கள். கூலியைப் பற்றி நாளை யாராவது ஒரு கணக்கை நீட்டினால், "இது எப்படி வந்தது?" என்று கேட்க வீட்டில் ஒருத்தி இருப்பாள்.