பின்னணி என்று ஒன்று உண்டா?

விடைத்தாள் திருத்தும் பணி ஒருவழியாக முடிந்து, அடுத்த பருவம் தொடங்குவதற்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. நண்பர் ஒருவர் சில பழைய படங்களைச் சேகரித்து வைத்திருந்தார், கேட்டதும் கொடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாளொன்றுக்கு ஒன்றாக அவற்றைப் பார்த்தோம். எல்லாமே முன்பு பார்த்தவைதாம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் பார்த்த படமும் இன்று பார்க்கும் படமும் ஒன்றல்ல என்பதை நாற்பதைக் கடந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் திரை விமர்சகர் அல்லர். இசையிலும் கேள்வி ஞானம் மட்டுமே. ராகத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பதில் பாதி நாள் தோல்விதான். தமிழ் இலக்கியம் படித்து, அதையே கற்பித்து வாழ்கிறவர் ஒருவரின் அபிப்பிராயங்களாக மட்டும் இவற்றைக் கொள்ள வேண்டுகிறோம்.

தமிழில் 'திரையிசை' என்றால் பாட்டு என்றே பொருள். எழுதியவர் யார், பாடியவர் யார், என்ன ராகம் என்று மணிக்கணக்கில் பேசுவோம். ஒரு படத்தில் பாடல்கள் அரைமணி நேரம் வருகின்றன என்று கொள்வோம், மீதி இரண்டு மணி நேரத்தில் ஒலிக்கும் இசையைப் பற்றி நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "ரீரெக்கார்டிங் பிரமாதம்." அதற்கு நாம் வைத்த தமிழ்ப் பெயரோ 'பின்னணி இசை'. பின்னால் நிற்பது, முன்னால் நடப்பதற்குத் துணை போவது என்ற தீர்ப்பு அந்தப் பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது. இந்தப் பத்து நாட்களில் நம்மை உறுத்தியது இந்தப் பெயர்தான்.

முதலில் பார்த்தது 'அந்த நாள்' (1954). ஏவி.எம். தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலசந்தர், கதை வசனம் ஜாவர் சீதாராமன். 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்களை ஒட்டிய கதை. படம் தொடங்கிய சில நொடிகளில் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். கொன்றவர் யார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்திலிருந்து சொல்லச் சொல்லக் கதை விரிகிறது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு படத்துக்குப் பத்துப் பாட்டு என்பது சர்வ சாதாரணமாக இருந்த காலத்தில் இது எத்தகைய துணிவு என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். நமக்கு வியப்பளித்தது வேறொன்று. பாட்டே வேண்டாம் என்று சொன்னவர் யார்? வீணை பாலசந்தர்! இசையையே மூச்சாகக் கொண்ட ஒருவர், குருவென்று எவரிடமும் அமராமல் வீணையைத் தாமே கற்றுத் தேர்ந்தவர், தம் படத்தில் ஒரு பாட்டுக்கும் இடம் தரவில்லை. இசை தெரியாதவர் செய்திருந்தால் இதைச் சிக்கனம் என்றிருக்கலாம். இசை தெரிந்தவர் செய்தபோது அது ஒரு கொள்கை ஆகிறது. இசைக்கு உரிய இடம் எது என்று அறிந்தவருக்கே உரியதல்லாத இடமும் தெரியும் போலும். (பின்னாளில் அவரே 'பொம்மை' (1964) எடுத்தபோது பாடல்களை வைத்தார், யேசுதாஸ் தமிழுக்கு அறிமுகமானது அப்படத்தின் வழியாகத்தான். ஆக, அவருக்குப் பாட்டின் மீது பகை ஏதும் இல்லை.)

ஆயினும் மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். 'அந்த நாள்' படத்தில் பாட்டில்லாத இடத்தை நிரப்பும் இசை நமக்கு முழு நிறைவைத் தரவில்லை. திடுக்கிட வேண்டிய இடத்தில் அதுவும் திடுக்கிடுகிறது. சந்தேகம் வரும் இடத்தில் அதுவும் சந்தேகப்படுகிறது. பாத்திரம் முகத்தால் சொல்லிவிட்டதை வாத்தியம் மறுபடி சொல்கிறது. செய்யுளின் கீழே பொழிப்புரை ஓடுவது போன்ற இசை. பொழிப்புரை பயனற்றதன்று, வகுப்பறையில் அதனால்தான் நம் பிழைப்பு நடக்கிறது. ஆனால் அது கவிதை ஆகாது.

அடுத்து 'பதேர் பாஞ்சாலி' (1955). சத்யஜித் ராய் படத்துக்கு இசை ரவிசங்கர். அவருக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. ஏறக்குறைய ஓர் இரவில் ஒலிப்பதிவு முடிந்தது என்பது வரலாறு. அதில் எல்லாரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. வெளியூரில் பிழைப்புத் தேடிப்போன ஹரிஹரன் வீடு திரும்புகிறான். மகள் துர்க்கைக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறான். மகள் இறந்துபோனது அவனுக்குத் தெரியாது. அதுவரை இறுகிக் கிடந்த சர்வஜயா சேலையை வாங்கிக்கொண்டு உடைந்து அழுகிறாள். அவள் வாய் திறப்பது தெரிகிறது, குரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் ஒலிப்பது தார் ஷெனாய் என்னும் வில்வாத்தியம்.

இங்கே இசை அழுகைக்குத் துணை போகவில்லை. அழுகையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் தான் வந்து அமர்ந்திருக்கிறது. நடிகையின் குரலும் வாத்தியமும் சேர்ந்து ஒலித்திருந்தால் அது சோகக் காட்சி, அவ்வளவே. குரல் நீக்கப்பட்டபோது அவள் அழுகை அவளுடையது மட்டுமாக இல்லாமல் போகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயும் அவ்வாத்தியத்துக்குள் அழலாம். ராய் 'தீன் கன்யா' (1961) தொடங்கித் தம் படங்களுக்குத் தாமே இசையமைத்துக்கொண்டார். ரவிசங்கர், விலாயத்கான், அலி அக்பர்கான் ஆகிய மேதைகளோடு பணியாற்றிய பின் எடுத்த முடிவு அது. மேதையின் இசை எவ்வளவு உயர்ந்ததாயினும், படத்துக்குள் எங்கே வாய் மூட வேண்டும் என்பதைப் படத்தை ஆக்கியவனே அறிவான் என்று அவர் கருதியிருக்கக்கூடும் என்பது நம் ஊகம்.

மூன்றாவதாக 'உதிரிப்பூக்கள்' (1979). இங்கே நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்தது இப்படம். மகேந்திரன் அதைத் தலைப்பிலேயே நன்றியுடன் குறித்திருக்கிறார். ஆனால் மூலத்திலிருந்து வெகுதூரம் விலகிச் சென்ற படம். புதுமைப்பித்தனைக் கற்பிக்கும் ஆணவத்தில் பல ஆண்டுகளாக வகுப்பில் நாம் ஒரு வாக்கியம் சொல்லி வந்தோம்: "மூலத்தின் கூர்மையைப் படம் நீர்த்துப்போகச் செய்துவிட்டது." சொல்வதற்கு எளிதான வாக்கியம், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் திருப்பி எழுதுவார்கள், நாமும் மதிப்பெண் போடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் துறையில் இப்படத்தைத் திரையிட்டோம். ஒரு காட்சியில் பேச்சு இல்லை, இசையும் இல்லை. காற்றும் காலடியும் மட்டும். முன்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து ஒலிபெருக்கியின் கம்பியைச் சரிபார்க்கப் போனான். "ஐயா, சத்தம் போயிடுச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரித்தது மட்டுமன்று, நாமும் எழுந்து போய் ஒலியளவைத் திருகிப் பார்த்தோம்! அங்கே ஒலி அறுபடவில்லை, மௌனம் வைக்கப்பட்டிருந்தது என்பது புரியவே சில நொடிகள் பிடித்தன. அன்று அதைப் பெரிதாக எண்ணவில்லை. இம்முறை வீட்டில் தனியே அமர்ந்து பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து சுட்டது.

இளையராஜா இப்படத்தில் எவ்வளவு குறைவாக வாசித்திருக்கிறார்! அதற்கு முந்தைய ஆண்டு அதே இயக்குநரின் 'முள்ளும் மலரும்' படத்திலேயே இந்த அடக்கம் தொடங்கிவிட்டது. இங்கே அது முழுமை பெற்றிருக்கிறது. லட்சுமி தன் குழந்தைகளைக் கொஞ்சிப் பாடும் பாட்டு ஒன்று, எஸ். ஜானகியின் குரலில். அந்தப் பாட்டு முடிந்த பிறகு வரும் ஒவ்வொரு மௌனத்திலும் அதுவே கேட்கிறது என்பதுதான் நாம் இம்முறை கண்டது. தாய் போன பின் அந்தக் குழந்தைகள் திரையில் வரும்போதெல்லாம், எவரும் பாடாத அந்தப் பாட்டை நாமே நமக்குள் பாடிக்கொள்கிறோம். முடிவில் ஊரார் சூழ்ந்து நிற்க, சுந்தரவடிவேலு ஆற்றுக்குள் இறங்குகிறான், கரையில் பிள்ளைகள். அங்கே நம் மனம் போய் நின்றது அவனிடத்தில் அல்ல, அந்தப் பிள்ளைகளிடத்தில். கதை மூலத்தை விட்டு விலகியிருக்கலாம். புதுமைப்பித்தன் சொற்களுக்கிடையே வைத்த இடைவெளியை மகேந்திரனும் இளையராஜாவும் ஒலிகளுக்கிடையே வைத்திருக்கிறார்கள். இதை நீர்த்துப்போதல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பிழை நம்முடையது.

கடைசியாக 'வீடு' (1988). பாலு மகேந்திரா. இதிலும் பாட்டில்லை. ஒரு நடுத்தர வர்க்கத்துப் பெண், தங்கை, தாத்தா. ஒரு துண்டு நிலம். அதில் ஒரு வீடு எழுப்பும் பாடு. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருகிறார். வீடு பாதி எழுந்த நிலையில், தள்ளாத வயதில், குடையோடு தனியே அதைப் பார்க்கப் போகிறார். அறை அறையாக நடக்கிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். கதை என்று சொல்ல ஏதும் நடக்கவில்லை. ஆனால் வீடு கட்டியவர்களும் கட்ட முடியாமல் போனவர்களும் அந்தக் காட்சியைக் கண்ணீரின்றிக் கடப்பது கடினம். அதன் பின் தாத்தா இருப்பதில்லை.

படத்தில் ஒலிக்கும் இசை இப்படத்துக்காக ஆக்கப்பட்டதன்று. 1986இல் இளையராஜா தனித் தொகுப்பாக வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்'டிலிருந்து எடுத்துக்கொண்டது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு; வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். படத்தைப் பார்த்து எழுதப்படாத இசை, படத்தோடு இப்படிப் பொருந்துவது எவ்வாறு? மூன்று நாட்கள் இக்கேள்வி நம்மை விடவில்லை. காட்சியின் ஒவ்வொரு அசைவுக்கும் அளவெடுத்துத் தைப்பதே நல்ல பின்னணி இசை என்றால், இது பொருந்தியிருக்கவே கூடாது.

விடை தேடி நாம் போனது வழக்கமாகப் போகும் இடத்துக்கே. தொல்காப்பியர் கருப்பொருளைப் பட்டியலிடும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழின் பகுதியையும் சேர்க்கிறார். ஆண்டுதோறும் நடத்தும் பாடம். ஆனால் அதன் பொருள் இப்போதுதான் உறைத்தது. ஒரு நிலத்துக்கு மரமும் பறவையும் எப்படியோ, அப்படியே அந்நிலத்தின் பறையும் பண்ணும். இசை அங்கே பின்னணி அன்று. நிலத்தில் முளைத்து நிற்கும் பொருள். அதனினும் நுட்பமானது இறைச்சி. உரிப்பொருளுக்குப் புறத்தே, கருப்பொருளின் வழியாகப் பிறக்கும் குறிப்பு அது. தலைவி அழுவதைக் கவிஞன் சொல்ல வேண்டியதில்லை. குரங்கோ நாரையோ செய்வதைச் சொன்னால் போதும். சர்வஜயாவின் குரலை நீக்கிவிட்டு ராய் வைத்த தார் ஷெனாய் இந்த இடத்தில் நிற்பதாகவே நமக்குப் படுகிறது. அது உணர்ச்சியைத் திருப்பிச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று வேறொன்றைச் சொல்கிறது. நாம் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறோம்.

அப்படியானால் 'வீடு'? வயலினில் ஒலிக்கும் பாக்கும் தியாகராஜரும் அரைகுறையாய் நிற்கும் செங்கல் சுவருக்கு எந்த வகையில் கருப்பொருள்? தொல்காப்பியர் இதற்கும் இடம் வைத்திருக்கிறார். ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறொரு நிலத்தில் வந்தால், வந்த நிலத்தின் பொருளாகவே அவற்றைக் கொள்ளலாம் என்கிறார். வேறெங்கோ பிறந்த இசை அந்தப் பாதி வீட்டுக்குள் பறந்து வந்து அமர்ந்தது. அமர்ந்தபின் அவ்வீட்டினுடையதாகவே ஆகிவிட்டது. ஈழத்தில் தம் தாய் வீடு கட்டப் பட்ட பாட்டின் நினைவிலிருந்தே இப்படம் பிறந்தது என்று பாலு மகேந்திரா எழுதியிருக்கிறார். ஈழத்து வீடு சென்னையில் எழலாம் என்றால், வேறு எதற்கோ பிறந்த இசை அதற்குள் குடிபுகக்கூடாதா?

பழம்பெருமை பேசுவதாக எவரும் கொள்ள வேண்டாம். அந்தக் காலத்திலும் காட்சிக்குக் காட்சி காதைப் பிளந்த படங்கள் நிறையவே வந்தன. இளையராஜா இசையமைத்தவற்றிலும் உண்டு. இன்றும் அடக்கம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். குறை இசையமைப்பாளரிடம் மட்டும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மௌனம் வந்தால் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று எழுந்து போகும் காதுகளை நம்மிடம் வளர்த்துவிட்டோம். அந்த மாணவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. எழுந்து போய்த் திருகியது ஆசிரியரும்தானே.

பருவம் தொடங்கியதும் 'சிற்றன்னை' மறுபடி நடத்த வேண்டும். பழைய குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டோம். அதன் இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மறுபடி ஒருமுறை படத்தைத் திரையிட்டு, அந்த இடம் வரும்போது எவரும் எழாமல் இருக்கிறார்களா என்று பார்க்கலாம் என்றிருக்கிறோம். முதலில் நாம் எழாமல் இருக்க வேண்டும்.